புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மெயில்: சிறு தொழில்களுக்கு ஒரு தானியங்கி வரவேற்பு

ஒருவர் உங்கள் இணையதளத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டுப் பட்டனை அழுத்துகிறார். அடுத்த சில நிமிடங்களுக்கு அவர் கவனம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஏதாவது வந்திருக்கிறதா என்று இன்பாக்ஸைத் திறந்து பார்க்கிறார். வந்திருந்தால் படிக்கிறார், இல்லையென்றால் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். மூன்று வாரம் கழித்து உங்களிடமிருந்து ஒரு தள்ளுபடி அறிவிப்பு போய்ச் சேரும்போது, எப்போது, எதற்காக முகவரி கொடுத்தோம் என்பதே அவருக்கு நினைவிருக்காது. ஸ்பேம் என்று ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அப்படித் தட்டுகிறவர்கள் கூடக் கூட, உங்கள் மெயிலை ஆசையாக எதிர்பார்ப்பவர்களுக்கும் அது ஸ்பேம் பெட்டியில் போய் விழ ஆரம்பிக்கும்.

இதற்காகத்தான் தானியங்கி வரவேற்பு மெயில். ஒருமுறை அமைத்துவிட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் சேர்ந்தாலும் அவருக்கு உடனே போகும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பெரிய பட்டியலும் தேவையில்லை. சந்தாதாரர் பத்துப் பேர் இருக்கும்போதே அமைத்துவிடுவது நல்லது. ஏனென்றால் பதினோராவது ஆள் எப்போது வருவார் என்று தெரியாது.

முதலில் காகிதத்தில்

பலர் நேராக ஒரு மெயில் சேவையில் (பட்டியலில் உள்ள எல்லோருக்கும் மெயில் அனுப்பித் தரும் தளம்) கணக்குத் திறந்து, அழகான டெம்ப்ளேட் தேட உட்கார்ந்துவிடுகிறார்கள். அதைத் தள்ளி வையுங்கள். முதலில் உங்கள் இணையதளத்தில், முகவரி கேட்கும் படிவத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்த ஒரு வரிதான் நீங்கள் கொடுத்த வாக்கு. வரவேற்பு மெயிலின் வேலை அந்த வாக்கைக் காப்பாற்றுவது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

'எங்கள் செய்திமடலில் இணையுங்கள்' என்று மட்டும் இருந்தால் அதில் வாக்கு எதுவும் இல்லை. சேருகிறவருக்கு என்ன வரும், எத்தனை முறை வரும் என்று தெரியவில்லை. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளை இணையத்தில் விற்கிறீர்கள். படிவத்தில் இப்படி எழுதலாம்: 'செடி வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகங்களுக்கு விடை சொல்லும் இலவசக் கையேடு. முதல் வாரத்தில் இரண்டு அறிமுக மெயில், அப்புறம் மாதம் இரண்டு மெயில்.' இப்போது சேருகிறவருக்கு எல்லாம் தெளிவு. உங்களுக்கும் முதல் மெயிலில் என்ன இருக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்: கையேடு.

அதே காகிதத்தில் இன்னும் இரண்டு விஷயம். சேர்ந்தவர் முதல் வாரத்தில் உங்களைப் பற்றி என்ன தெரிந்துகொண்டால் அவருக்குப் பயன்? வரவேற்பு முடியும்போது அவர் என்ன செய்திருந்தால் உங்களுக்குத் திருப்தி: முதல் ஆர்டரா, ஒரு கேள்வியா, உங்களைப் பற்றி ஓர் அறிமுகம் கிடைத்திருந்தால் போதுமா? இதற்குப் பதில் எழுதினால் மொத்தம் எத்தனை மெயில் வேண்டும் என்பதும் பிடிபடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மூன்று போதும். மூன்றுகூட மலைப்பாக இருந்தால் ஒன்றோடு ஆரம்பியுங்கள். ஒழுங்காக எழுதிய ஒரே ஒரு வரவேற்பு மெயில், அவசரமாக எழுதிய ஏழு மெயில்களைவிட மேல்.

எந்தச் சேவை?

மெயில்சிம்ப், பிரெவோ, மெயிலர்லைட், கிட், ஜோஹோ கேம்பெயின்ஸ் என்று நிறைய இருக்கின்றன. சிறு தொழிலுக்கு இவற்றில் எதுவும் சரிவரும். விலைப்பட்டியலும் இலவசத் திட்டத்தின் வரம்புகளும் அடிக்கடி மாறுகின்றன. அதனால் எது சிறந்தது என்று மற்றவரிடம் கேட்பதைவிட, பதிவு செய்யும் முன் நான்கு கேள்விகளுக்கு நீங்களே விடை தேடுங்கள். நீங்கள் எடுக்கப்போகும் திட்டத்தில் ஆட்டோமேஷன் (மெயில்களைத் தானாக அனுப்பும் வசதி) உண்டா, அதில் எத்தனை மெயில் வைக்கலாம்? சொந்த டொமைனை (உங்கள் இணையதளத்தின் பெயரை) இணைக்க முடியுமா? சேர்ந்தவரிடம் மெயில் வழியாக உறுதி கேட்கும் வசதி உண்டா? நாளை வேறு இடத்துக்கு மாறினால் பட்டியலை முழுதாக இறக்கி எடுத்துப் போகலாமா? நான்குக்கும் ஆமாம் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

சொந்த டொமைனும் அந்த மூன்று பதிவுகளும்

இந்தப் பகுதியைப் பார்த்ததும் பலருக்குக் கை நின்றுவிடும். ஆனால் இதைச் செய்யாமல் மற்றதைச் செய்து பலனில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

முதலில் அனுப்புநர் முகவரி. ஜிமெயில், யாகூ போன்ற இலவச முகவரியை அனுப்புநராக வைத்து ஒரு மெயில் சேவை வழியாக அனுப்பாதீர்கள். ஜிமெயில் முகவரியிலிருந்து வருவதாகச் சொல்லும் மெயில் கூகுளின் சர்வரிலிருந்து வரவில்லை என்றால், பெறும் இடத்தில் அதைப் போலி என்று சந்தேகிப்பார்கள். யாகூ 2014-லேயே தன் பெயரில் வெளியிலிருந்து வரும் இப்படிப்பட்ட மெயில்களை நிராகரிக்கச் சொல்லிவிட்டது. உங்கள் இணையதளத்துக்கு டொமைன் இருக்கிறது அல்லவா, அதிலேயே ஒரு முகவரி உருவாக்குங்கள். 'வணக்கம்', 'உதவி' என்ற மாதிரி ஒரு பெயர் போதும். பதில் எழுத முடியாத 'நோரிப்ளை' முகவரி மட்டும் வேண்டாம்.

அடுத்து, இந்த மெயில் சேவை என் சார்பில்தான் அனுப்புகிறது என்று உங்கள் டொமைன் உலகத்துக்குச் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று பதிவுகள். எஸ்பிஎஃப், என் பெயரில் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல். டிகிம், ஒவ்வொரு மெயிலிலும் போடப்படும் டிஜிட்டல் கையெழுத்து; அதைச் சரிபார்க்கும் சாவி உங்கள் டொமைன் பதிவில் இருக்கும். டிமார்க், இந்த இரண்டு சோதனையிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று நீங்கள் சொல்லும் அறிவுரை.

பிப்ரவரி 2024 முதல் கூகுளும் யாகூவும் இதைக் கறாராகப் பார்க்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்று பதிவும் கட்டாயம். மே 2025 முதல் அவுட்லுக்கிலும் இதே மாதிரி விதி வந்துவிட்டது. நீங்கள் ஒரு நாளைக்கு முப்பது மெயில்தான் அனுப்புவீர்கள், சரி. ஆனாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள். அரை மணி நேர வேலைதான்.

செய்யும் முறை இது. மெயில் சேவையின் அமைப்புகளில் டொமைனைச் சேர்த்ததும், அது சில வரிகளைக் கொடுக்கும்: வகை, பெயர், மதிப்பு என்று மூன்று கட்டங்கள். டொமைன் வாங்கிய இடத்தில் லாகின் செய்து, டிஎன்எஸ் பக்கத்தை (உங்கள் டொமைனின் பதிவுகள் இருக்கும் இடம்) திறந்து, அந்த வரிகளை அப்படியே ஒட்ட வேண்டும். எழுத்தைக் கையால் தட்டாதீர்கள், நகலெடுத்து ஒட்டுங்கள். மாற்றம் சில நிமிடங்களிலேயே பரவிவிடலாம், 48 மணி நேரம் வரையும் ஆகலாம். அதனால் உடனே 'சரிபார்க்கப்படவில்லை' என்று வந்தால் பதற வேண்டாம்.

இரண்டு நாள் கழித்தும் தேறவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் சிக்கல் இருக்கும். முதலாவது, பெயர்க் கட்டம். பல டிஎன்எஸ் பக்கங்கள் உங்கள் டொமைன் பெயரைத் தாங்களே கடைசியில் சேர்த்துவிடும். மெயில் சேவை கொடுத்த பெயரில் டொமைனும் இருந்து, அதை முழுதாக ஒட்டினால், டொமைன் பெயர் இரண்டு முறை வந்துவிடும். சேமித்த பதிவைத் திறந்து பார்த்தால் தெரியும். வாலை மட்டும் வெட்டிவிடுங்கள். இரண்டாவது, எஸ்பிஎஃப். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். அலுவலக மெயிலுக்காக ஏற்கெனவே ஒன்று இருந்தால், இரண்டாவது ஒன்றைப் புதிதாகப் போடாதீர்கள். போட்டால் இரண்டுமே செல்லாமல் போகும், அலுவலக மெயிலுக்கும் சேர்த்துச் சிக்கல் வரும். இருக்கும் வரியிலேயே புதிய சேவையின் பகுதியை நுழைக்க வேண்டும்.

டிமார்க்கில் மூன்று நிலைகள் உண்டு: சும்மா கவனி, ஸ்பேமில் போடு, நிராகரி. தொடக்கத்தில் முதல் நிலையை வையுங்கள். உங்கள் பெயரில் வேறு எங்கிருந்தெல்லாம் மெயில் போகிறது என்பது (பில் அனுப்பும் மென்பொருள், ஆர்டர் உறுதி அனுப்பும் கடைத்தளம்) சில வாரங்களில் அறிக்கைகளாக வரும். எல்லாம் ஒழுங்காக இருப்பது உறுதியான பிறகு கடுமையாக்கலாம்.

படிவமும் உறுதி மெயிலும்

படிவத்தில் மின்னஞ்சல் முகவரி கேளுங்கள். பெயர் வேண்டுமானால் கேளுங்கள். தொலைபேசி எண், பிறந்த நாள், ஊர் என்று நீட்டினால் பலர் பாதியிலேயே போய்விடுவார்கள். அவ்வளவுதான் படிவம்.

முடிவெடுக்க வேண்டியது, உறுதி மெயில் வேண்டுமா என்பது. சேர்ந்தவருக்கு 'நீங்கள்தானா? இந்த லிங்க்கைத் தட்டுங்கள்' என்று ஒரு மெயில் போய், அவர் தட்டிய பிறகே பட்டியலில் சேர்ப்பது ஒரு முறை. நேராகச் சேர்த்துவிடுவது இன்னொரு முறை. உறுதி கேட்டால் சிலர் தட்டாமல் விட்டுவிடுவார்கள், பட்டியல் மெதுவாக வளரும். உண்மைதான். ஆனாலும் சிறு தொழிலுக்கு உறுதி கேட்கும் முறையைத்தான் நான் சொல்வேன். எழுத்துப்பிழையான முகவரிகள், அடுத்தவர் முகவரியைக் கொடுத்தவர்கள், படிவங்களை நிரப்பித் திரியும் தானியங்கி நிரல்கள் எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். திரும்பி வரும் மெயில்கள் குறையும். ஒருவர் சம்மதித்தார் என்பதற்கு உங்களிடம் பதிவும் இருக்கும்.

சம்மதம் என்பது சட்ட விஷயமும்கூட. இங்கே கணக்கு, உங்கள் சந்தாதாரர் எங்கே வசிக்கிறார் என்பதையும் பொறுத்தது. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் விதிப்படி, முன்கூட்டியே டிக் போட்டுவைத்த பெட்டி சம்மதம் ஆகாது. அவரே டிக் போட வேண்டும். அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டம், வணிக மெயிலில் உங்கள் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும் என்கிறது. விலகக் கேட்டவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்கவும் சொல்கிறது. மெயில் சேவைகள் அடிக்குறிப்பில் முகவரியையும் விலகும் லிங்க்கையும் தாங்களே வைத்துவிடும். அதை எடுத்துவிடவோ, கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் மறைக்கவோ வேண்டாம். விலக வழி தெரியாதவர் அடுத்து அழுத்துவது ஸ்பேம் பட்டனைத்தான்.

உறுதி முறையை வைத்தால், அந்த உறுதி மெயிலையும் உங்கள் வார்த்தையில் மாற்றுங்கள். பல சேவைகளில் அது விறைப்பான ஆங்கிலத்தில் இருக்கும். 'கையேட்டைப் பெற இந்தப் பட்டனைத் தட்டுங்கள்' என்று எழுதினால் தட்டுகிறவர்கள் கூடுவார்கள், ஏனென்றால் தட்டினால் என்ன கிடைக்கும் என்று தெரிகிறது. படிவத்தை அனுப்பியதும் திரையில் வரும் நன்றிப் பக்கத்திலும், 'இன்பாக்ஸில் இல்லையென்றால் ஸ்பேமிலும் பாருங்கள்' என்று ஒரு வரி சேருங்கள்.

முதல் மெயிலை எழுதுவது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நம் செடித் தொழிலுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

சப்ஜெக்ட்: நீங்கள் கேட்ட செடிக் கையேடு
முன்னோட்ட வரி: கூடவே, தண்ணீர் ஊற்றும் முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை

வணக்கம்,

சேர்ந்ததற்கு நன்றி. கையேடு இதோ, கீழே உள்ள பட்டனைத் தட்டினால் திறக்கும்.

[கையேட்டைத் திற]

இப்போது முழுதும் படிக்க நேரமில்லை என்றால் ஒன்றை மட்டும் செய்யுங்கள். தண்ணீர் ஊற்றும் முன் விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். தண்ணீர் அதிகமாகி வேர் அழுகித்தான் பல வீட்டுச் செடிகள் வீணாகின்றன.

இந்த வாரம் இன்னும் இரண்டு அறிமுக மெயில் வரும், அப்புறம் மாதம் இரண்டு மெயில் அனுப்புவேன். ஒன்றில் செடி வளர்ப்புக் குறிப்பு, இன்னொன்றில் புதிதாக வந்த செடிகள். வேண்டாம் என்று தோன்றும்போது கீழே உள்ள லிங்க்கில் விலகிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் இப்போது என்ன செடி இருக்கிறது? இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள், நான் படிப்பேன்.

அன்புடன்,
(உங்கள் பெயர், தொழிலின் பெயர்)

இதில் என்ன இல்லை என்று பாருங்கள். தொழில் எந்த வருடம் தொடங்கியது என்ற வரலாறு இல்லை. ஆறு பொருட்களின் படங்கள் இல்லை. எல்லா சமூக ஊடகத்துக்கும் லிங்க் இல்லை. அவர் கேட்டது மேலேயே இருக்கிறது, தேட வேண்டியதில்லை. தட்டுவதற்கு ஒரே ஒரு பட்டன். கையேட்டைத் திறக்காதவருக்கும் ஒரு பயனுள்ள விஷயம் மெயிலுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. கடைசியில் ஒரு கேள்வி. பதில் எழுதச் சுலபமான கேள்வி. ஒருவர் பதில் எழுதினால் அவர் மெயில் பெட்டிக்கு நீங்கள் தெரிந்தவர் ஆகிறீர்கள், அடுத்த மெயில் இன்பாக்ஸில் விழும் வாய்ப்பு கூடும். அதைவிடப் பெரிய லாபம், வாடிக்கையாளர் பேசும் வார்த்தைகளே உங்கள் கைக்கு வந்து சேர்கின்றன. ஆனால் 'நான் படிப்பேன்' என்று எழுதினால் படிக்கத்தான் வேண்டும், பதிலும் எழுத வேண்டும்.

சப்ஜெக்ட்டில் சாமர்த்தியம் தேவையில்லை. எதிர்பார்த்துக் காத்திருப்பவர் கண்ணுக்கு 'நீங்கள் கேட்ட' என்பதே போதும். போனில் சப்ஜெக்ட்டின் முதல் சில சொற்கள்தான் தெரியும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் முக்கியமானதை முன்னால் வையுங்கள். இன்பாக்ஸில் சப்ஜெக்ட்டை அடுத்துத் தெரியும் முன்னோட்ட வரியைக் காலியாக விட்டால், 'உலாவியில் பார்க்க இங்கே தட்டவும்' என்பது போன்ற எதையாவது மெயில் செயலி தானே எடுத்துக் காட்டிவிடும்.

பெயர் சொல்லி அழைப்பதில் தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சங்கடம் உண்டு. பெயர் வரும் இடத்தில் ஒரு குறியீட்டை வைத்தால், சேவை அங்கே பெயரை நிரப்பும். ஆனால் அந்தக் குறியீட்டோடு உருபைச் சேர்த்து எழுதிவிட்டால் 'மீனாவுக்கு' என்பது 'மீனாக்கு' என்றும், 'அருணுக்கு' என்பது 'அருண்க்கு' என்றும் போய் நிற்கும். அதனால் பெயரைத் தனியாக, காற்புள்ளிக்கு முன்னால் நிற்கும்படி வையுங்கள்: 'வணக்கம் மீனா,'. பெயர் கொடுக்காதவர்களுக்கு என்ன வர வேண்டும் என்ற மாற்றுச் சொல்லையும் நிரப்புங்கள், இல்லையென்றால் 'வணக்கம்' என்பதற்குப் பிறகு ஒரு வெற்றிடமும் காற்புள்ளியும் மட்டும் போகும். பெயரே கேட்காமல் வெறும் 'வணக்கம்' என்று தொடங்கினாலும் குறைவில்லை.

எழுத்து யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பத்தியை ஒட்டினால் அடுத்தவர் திரையில் குப்பையாகத் தெரியும். வாசகங்களைப் படமாக்கி ஒட்டாதீர்கள். படங்களை மறைத்து வைத்திருப்பவருக்கு மெயில் வெறுமையாகத்தான் தெரியும். நம் எழுத்துகளுக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் உண்டு என்பதால் வரிகளுக்கு நடுவே கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்கள். இன்னொன்று: சுமார் 102 கிலோபைட்டுக்கு மேல் போகும் மெயிலை ஜிமெயில் பாதியில் வெட்டிவிடும், விலகும் லிங்க்கும் அதோடு மறைந்துவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால், யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'கு' என்பதில் இரண்டு குறியீடுகள், ஆக ஆறு பைட். மேலே உள்ளது போன்ற சின்ன மெயிலுக்குக் கவலையில்லை. வேர்டிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத நிரல் வரிகள் சேர்ந்து எடை ஏறும். ஒட்டும்போது வடிவமைப்பு இல்லாமல் ஒட்டும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவதும் மூன்றாவதும்

இரண்டு நாள் கழித்து இரண்டாவது. இதில் நீங்கள் யார், ஏன் இந்தத் தொழில் என்று சொல்லலாம். ஆனால் படிக்கிறவருக்கு அதில் ஏதாவது இருக்க வேண்டும். 'வெயில் குறைவான அறையிலும் தாங்குகிற செடிகளை மட்டுமே தேர்ந்தெடுத்து விற்கிறேன், காரணம் இது' என்பது போல. மூன்றாவது, இன்னும் மூன்று நான்கு நாள் கழித்து. புதியவர் எதிலிருந்து தொடங்கலாம் என்று கைகாட்டும் மெயில்: முதல் முறை வாங்குகிறவருக்குப் பொருத்தமான இரண்டு மூன்று பொருட்கள், வாங்கும் முறை, திருப்பி அனுப்பும் விதி. சலுகை கொடுப்பதாக இருந்தால் இங்கே கொடுக்கலாம். ஆனால் படிவத்திலேயே கூப்பன் தருவதாகச் சொல்லியிருந்தால் அது முதல் மெயிலில்தான் இருக்க வேண்டும்.

ஆட்டோமேஷனைக் கோர்ப்பது

சேவையின் ஆட்டோமேஷன் பக்கத்தில் புதிதாக ஒன்றைத் தொடங்கினால் முதலில் கேட்பது, எது நடந்தால் இது ஓட வேண்டும் என்பதுதான். 'இந்தப் படிவம் வழியாக ஒருவர் சேரும்போது' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'பட்டியலில் யார் சேர்ந்தாலும்' என்று வைத்தால், நாளை பழைய வாடிக்கையாளர்களின் கோப்பை ஏற்றும்போது மூன்று வருடமாக வாங்குகிறவருக்கும் 'வருக வருக' என்று போய்விடும். சில சேவைகளில் கோப்பாக ஏற்றுகிறவர்களுக்கு அது ஓடாமல் தடுக்கும் தேர்வு தனியாக இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குக் கீழே முதல் மெயில், இடைவெளி எதுவும் இல்லாமல். காலை ஒன்பது மணிக்கு மேல்தான் அனுப்பு என்பது போன்ற நேரக் கட்டுப்பாட்டை இதற்கு வைக்காதீர்கள். அப்புறம் இரண்டு நாள் காத்திருப்பு, இரண்டாவது மெயில், மறுபடி காத்திருப்பு. மூன்றாவது மெயிலுக்கு முன்னால் ஒரு நிபந்தனை: 'ஏற்கெனவே வாங்கிவிட்டாரா?' உங்கள் கடைத்தளத்தோடு இணைப்பு இருந்தால் இதைச் சேவையே பார்த்துவிடும். வாங்கியவருக்கு 'முதல் ஆர்டருக்குச் சலுகை' என்று போனால், நேற்று முழு விலை கொடுத்தவர் மனம் கசந்துபோகும். அவரை அங்கேயே வெளியே அனுப்பிவிடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. வரவேற்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் எல்லோருக்கும் ஒரு பொது மெயில் அனுப்புவீர்கள். காலையில் சேர்ந்தவருக்கு மத்தியானத்துக்குள் இரண்டு மெயில் போனால், மாதம் இரண்டு என்ற உங்கள் வாக்கு முதல் நாளே பொய்த்துவிடும். ஆட்டோமேஷனின் தொடக்கத்தில் 'வரவேற்பில் இருப்பவர்' என்று ஒரு டேக் (அடையாளச் சீட்டு) மாட்டி, கடைசியில் அதைக் கழற்றும்படி அமையுங்கள். பொது மெயில் அனுப்பும்போது அந்த டேக் உள்ளவர்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஓடவிடும் முன்

சேவையின் 'டெஸ்ட் மெயில்' பட்டன் வடிவத்தைப் பார்க்க உதவும். ஆனால் படிவம், உறுதி, காத்திருப்பு எல்லாம் ஒழுங்காகக் கோர்த்திருக்கிறதா என்று அது சொல்லாது. அதனால் ஒரு வாடிக்கையாளர் போலவே படிவத்தில் சேர்ந்து பாருங்கள். ஜிமெயில் கணக்கு இருந்தால், முகவரியில் உங்கள் பெயருக்குப் பிறகு ஒரு கூட்டல் குறியும் ஓர் எண்ணும் சேர்த்துக் கொடுக்கலாம். சேவைக்கு அது புதிய ஆள். மெயில் வந்து சேருவதோ உங்கள் பெட்டிக்கே. இப்படி எத்தனை முறை வேண்டுமானாலும் சேரலாம். சோதனைக்காகக் காத்திருப்பு நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், முடித்ததும் மறக்காமல் நாட்களாக மாற்றுங்கள்.

ஒருமுறை பெயர் கொடுத்து, ஒருமுறை கொடுக்காமல் சேருங்கள். ஒவ்வொரு லிங்க்கையும் போனில் தட்டிப் பாருங்கள், விலகும் லிங்க் உட்பட. போனை இருட்டுத் தோற்றத்துக்கு மாற்றியும் பாருங்கள். கறுப்பு லோகோ கறுப்புப் பின்னணியில் காணாமல் போகலாம். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் மூல வடிவைக் காட்டும் தேர்வைத் தட்டினால், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் நேராக 'பாஸ்' என்று இருக்க வேண்டும். டிகிம் வரியில் மெயில் சேவையின் பெயர் மட்டும் தெரிந்தால், உங்கள் டொமைன் இன்னும் இணையவில்லை என்று பொருள்.

எதைப் பார்த்து எடைபோடுவது

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை அவ்வளவாக நம்ப வேண்டாம். செப்டம்பர் 2021-ல் ஐஓஎஸ் 15-உடன் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, மெயிலில் உள்ள படங்களை முன்கூட்டியே தானே இறக்கிவிடுகிறது. திறக்காதவர்களும் திறந்ததாகக் கணக்கில் வருவார்கள். கையேட்டு பட்டனை எத்தனை பேர் தட்டினார்கள், எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பாருங்கள். பதில்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், அதன் விடைக்கு இடம் இரண்டாவது மெயிலில்.

ஸ்பேம் புகார் விகிதத்தில் மட்டும் கண் இருக்கட்டும். அது 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3-ஐ ஒருபோதும் தொடக்கூடாது என்கிறது கூகுள். அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் புகார் செய்தாலே அபாயக் கோடு. புகார் ஏறினால் மெயிலின் வார்த்தைகளை மாற்றுவதற்கு முன் படிவத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே சொன்னதும் இங்கே வருவதும் வேறு வேறாக இருக்கும். விலகுகிறவர்களைப் பற்றி வருத்தப்பட வேண்டாம். விலகியவரால் உங்களுக்குக் கெடுதல் இல்லை. விலகாமல் புகார் செய்பவரால் உண்டு.

மாற்றம் செய்ய நினைத்தால் ஒரு நேரத்தில் ஒன்று. மாதம் நாற்பது பேர் சேரும் பட்டியலில் இரண்டு சப்ஜெக்ட்டைப் போட்டிப் போட வைத்து, இருபது இருபது பேரை வைத்து முடிவுக்கு வர முடியாது. அந்த நேரத்தைப் பதில்களைப் படிப்பதில் செலவழியுங்கள்.

தானாக ஓடுவதால் இதை மறந்துபோவது சுலபம். கூப்பன் காலாவதி ஆகியிருக்கும், கையேடு இருந்த பக்கம் இடம் மாறியிருக்கும், மூன்றாவது மெயிலில் சொன்ன செடி இருப்பே இருக்காது. மெயில் மட்டும் தினமும் போய்க்கொண்டிருக்கும். காலண்டரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாளைக் குறித்துவையுங்கள். அன்றைக்குப் புதிய முகவரி ஒன்றில் நீங்களே படிவத்தில் சேர்ந்து, காத்திருப்பைக் குறைக்காமல், கடைசி மெயில் வரும்வரை ஒவ்வொன்றையும் போனில் படித்துப் பாருங்கள்.